இரண்டு பூசணிக்காயும் ஒரு ஸ்கூட்டரும்

மூங்கில் காட்டில் ஒரு நாள் இருட்டியதும், "வீ... ஈ... ஈ..." என்று ஒரு விநோதமான சத்தம் கேட்டது. கழுதைப்புலிதான் வந்துவிட்டதோ என்று முயலம்மா காதுகளை நிமிர்த்தினாள்.

இல்லை. சத்தம் வளைக்குள்ளிருந்துதான் வந்தது. அவளுடைய சின்னக் குட்டி பஞ்சு, மூச்சுவிட முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

கரடி வைத்தியர் வீடோ மலை மேட்டின் உச்சியில். இரவில் வழியெல்லாம் கழுதைப்புலி. பஞ்சுவையும் அதன் அக்காவையும் சுமந்துகொண்டு எப்படி ஓடுவது? விடியும்வரை பஞ்சுவின் நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் பஞ்சுவுக்கு மூச்சு சீரானது. இன்னொரு இரவு இப்படி ஆகக்கூடாது என்று முயலம்மா நரியின் ஸ்கூட்டர் கடைக்குப் போனாள்.

"மின்சார வண்டியே எடுத்துக்கோ தங்கச்சி! பெட்ரோல் வண்டி காட்டையே எழுப்பிவிடும். இது பூனை மாதிரிப் போகும். கழுதைப்புலிக்குத் தெரியவே தெரியாது," என்றது நரி. உடனே ஏறி, ஆற்றங்கரைவரை ஓட்டியும் காட்டியது. "பார்த்தியா? சார்ஜ் ஒரு கோடுகூட இறங்கலை!"

முயலம்மாவுக்கு மனசு ஆறவில்லை. ஆற்றுக்குப் போவது இறக்கம். நரி போனதும் தனியாகத்தானே? பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பூசணிக்காயை உருட்டி வந்தாள்.

"அண்ணே, இதுங்களை ஏத்திக்கிட்டு வைத்தியர் வீட்டு மேட்டுல ஏறிக் காட்டுங்களேன்."

"பூசணிக்காயா? நான் என்ன காய்கறி வியாபாரியா?"

"என் குட்டிங்க கனம் இவ்வளவுதான் அண்ணே."

வேறு வழியில்லாமல் நரி ஏறியது. பாதி மேட்டில் வண்டி முனகிக்கொண்டே நின்றுவிட்டது. செத்த பேட்டரிக்குப் புது உறை போட்டு விற்கப் பார்த்த குட்டு உடைந்தது.

பிறகு பெட்ரோல் வண்டி. அதே மேடு, அதே பூசணிக்காய்கள். 'டடடட' என்று உச்சிவரை ஏறிவிட்டது.

"இதையே கொடுங்க."

"சத்தம் கேட்டுக் கழுதைப்புலி வந்துடுமே!"

"வரட்டும். நடுவழியில நின்னாத்தானே பிடிக்கும்?"

அன்று இரவே பஞ்சுவுக்கு மறுபடி இழுத்தது. ஒரு குட்டியை மடியிலும் இன்னொன்றை முதுகிலும் கட்டிக்கொண்டு முயலம்மா வண்டியைக் கிளப்பினாள். நினைத்தபடியே கழுதைப்புலி புதரிலிருந்து பாய்ந்தது. அதன் மூச்சு அவள் வாலைச் சுட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாதி மேட்டில் கழுதைப்புலிக்கு இரைத்தது, வண்டிக்கு இரைக்கவில்லை.

வைத்தியர் கதவைத் திறந்ததும் குட்டிகளோடு உள்ளே விழுந்தாள். பிறகு அவளே எழுந்து தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.

நீதி: கடைக்காரர் ஓட்டிக் காட்டும் பாதையில் அல்ல, நீ போகவேண்டிய பாதையில் ஓட்டிப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடு.