புகைபோக்கியில் சுள்ளி போடும் காகம்

பறவையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், அயர்லாந்தில் ஓர் ஆற்றங்கரையில் நான்கு மாடிக் கற்கோட்டை ஒன்று நின்றது. சுவரின் தடிமனே ஓர் ஆள் உயரம். அதற்குள்ளேயே சுழன்று ஏறும் படிக்கட்டு; ஏறி வரும் எதிரிக்கு வாள் பிடித்த கை நடுத்தூணில் இடிக்கும்படி வலப்பக்கமாகவே வளையும். மாடிக்கு ஒரு கணப்பு, குளிர்காயும் அடுப்பு. அத்தனையையும் அணையாமல் பார்த்துக்கொண்டவள் கோர்ம்லா.

புகைபோக்கியின் உச்சியில் சாம்பல் கழுத்துக் காகம் ஒன்று குளிர்காயும். "இன்னும் ரெண்டு கட்டை போடேன், கோர்ம்லா!" என்று கத்தும்.

"காடு உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்பாள். கட்டையும் போடுவாள்.

ஒரு வசந்தத்தில் எதிரியின் படகுகள் பீரங்கியோடு ஆற்றில் ஏறி வந்தன. கோட்டைத் தலைவர் டொனாக் தப்பிப் போகத் தன் ஆட்களைப் படகுகளில் ஏற்றிவிட்டு கோர்ம்லாவிடம் வந்தார்.

"அவன் இங்கே ஒரு நாள்கூடத் தூங்கக் கூடாது. நீயே தீ வெச்சிடு," என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவள் பிறந்ததே அந்தக் கோட்டையில். கணப்பிலிருந்து கொள்ளியை எடுத்தாள். உச்சி மாடியில் தொடங்கி, இறங்க இறங்க ஒவ்வொரு மரத்தளத்துக்கும் தீ வைத்தாள். பிறகு படகில் ஏறியவள், அது ஆற்று வளைவு திரும்பும்வரை தலை நிமிரவில்லை.

கடல் தாண்டிப் போனவளால் இருபது வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்து பார்க்க முடிந்தது. கூரை இல்லை, தளங்கள் இல்லை. வெறும் சுவர்களில் கணப்புகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தரத்தில் நின்றன. மூன்றாவதன் அருகில்தான் அம்மா அவளுக்குத் தலைவாரிவிடுவாள். கோர்ம்லா புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் அணைச்சே? எத்தனை குளிர்காலம் காத்திருந்தேன் தெரியுமா?" உச்சியிலிருந்து காகம் கேட்டது.

"அணைக்கலே. எல்லாத்தையும் ஒரே நாள்ல எரிச்சுட்டேன்."

"மறுபடி மூட்டேன்."

"விறகு பொறுக்கக் காலில் தெம்பில்லையே."

"நான் போடறேன். நீ நெருப்பைப் பாரு."

காகம் சுள்ளி சுள்ளியாகப் புகைபோக்கியில் போட்டது. தடதடவென்று விழுந்தவற்றை அடுக்கி, தரைத்தளக் கணப்பில் அவள் தீ மூட்டினாள். அவளை அழைத்து வந்த படகுக்காரன் கூப்பிடும்வரை இருவரும் குளிர்காய்ந்தார்கள்.

"நாளைக்கும் வருவியா?"

மறுநாளே அவள் கடல் தாண்டித் திரும்ப வேண்டும்; அதைச் சொல்ல மனம் வரவில்லை. "நீ சுள்ளி சேர்த்து வை," என்றாள்.

அந்தக் குளிர்காலத்திலேயே, கடல் தாண்டிய ஓர் ஊரில் அவள் இறந்துபோனாள். காகத்துக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று முதல்தான் அந்த நாட்டுச் சாம்பல் கழுத்துக் காகங்கள் புகைபோக்கியை எங்கே கண்டாலும், சுள்ளியாகக் கொண்டுவந்து போட்டு அடைத்து வைக்கின்றன.