தாழிக்காட்டில் சொல்லாத சொல்

தொல்லியல் சுற்றுலா கிளம்பி மூன்றாம் நாள். பொழுது சாய்கிற நேரத்தில், முதுமக்கள் தாழிக் குழியில் கிடந்த சிவப்பு மணியைக் காணவில்லை.

"சமையல்காரிதான் எடுத்திருப்பா!" என்று குழியோரம் நின்று கத்தினார் கோதண்டபாணி. தாசில்தார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, குரல் மட்டும் ஓயவில்லை. "நான் யார் தெரியுமா? இருட்டுறதுக்குள்ள மணி வரலைன்னா உன்னைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுவேன்!"

வேனோடு சமைக்க வந்த மாடத்தி கரண்டியை வைத்துவிட்டுக் குழியோரம் வந்தாள். மற்ற பயணிகளும் கூடிவிட்டார்கள்.

"சரிங்கய்யா. செத்தவங்களப் புதைச்ச இடத்துல யாரும் 'போயிட்டு வாரேன்'னு சொல்லமாட்டோம். சொன்னா செத்தவங்க திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க. ஆனா அவங்க பொருளைத் தொடாதவங்கள ஒண்ணும் செய்யமாட்டாங்க. எல்லாரும் சொல்லிட்டே கிளம்புவோம்" என்றாள் மாடத்தி. முதலில் அவளே குழியைப் பார்த்துச் சொன்னாள்.

பயந்து பயந்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பக்கத்துப் பனங்காட்டுக்குள் ஏதோ சரசரத்தது.

தாசில்தார் முறை வந்தது. வாய் திறந்தது, சொல் வரவில்லை. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மணி குழிக்குள் விழுந்தது.

"இப்ப நானும் சொல்லிட்டுப் போகலாமா?" என்றார், வேர்த்து விறுவிறுத்து.

"வேண்டாங்கய்யா. நீங்க யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."