படகைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு

உப்பங்கழியின் கரையில் அம்மையாரின் மடம் இருந்தது. நான்கு கொட்டகைகள், ஒரு கிணறு. அதற்கு மேல் அங்கே ஒன்றுமில்லை. அம்மையாருக்கு வயது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. அவருடைய மாணவர்களில் மூத்தவரான வேதரத்தினத்துக்கு அறுபத்து மூன்று. அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் நில அளவையராக இருந்தவர். ஊரார் வரப்புகளை ஓர் அங்குலமும் பிசகாமல் அளந்து கொடுத்தவர்.

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலையில், முழங்கால் அளவு நீரில் நின்று அவர் ஒரு படகைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் மட்டும் கால் நீட்டி அமரக்கூடிய மரக் கயாக். அவர் தம் வீட்டுக் கூடத்தில் செய்து முடித்தது.

செய்யத் தொடங்கியவள் அவருடைய ஒரே மகள் நீலாயதாட்சி. வரைபடத்தை வரவழைத்து, மெல்லிய ஒட்டுப்பலகைகளை அறுத்து, அவற்றின் ஓரங்களைச் செப்புக் கம்பியால் தைத்து வைத்திருந்தாள். கயாக்கை ஆளுக்கு அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று தன் இடுப்பகலம், கால் நீளம், எடை மூன்றையும் கூடத்துச் சுவரில் பென்சிலால் எழுதினாள். எடை ஐம்பத்திரண்டு கிலோ.

அதன் பிறகு நோய் வந்தது. கட்டிலைக் கூடத்திலேயே போடச் சொன்னாள். அவள் படுத்தபடி சொல்லச் சொல்ல, அவர் பசை பூசினார். பசை இறுகியதும் கம்பிகளை உருவினார். உப்புத்தாள் கொண்டு தேய்த்தார்.

"அப்பா, சுத்தி ஒரு சிவப்புக் கோடு போடுங்க. நான் உட்கார்ந்தா தண்ணி அந்தக் கோட்டைத் தொடணும். மேலயும் போகக் கூடாது, கீழயும் இறங்கக் கூடாது."

"அளவைக்காரனுக்கே நீ அளவு சொல்றியா?"

"உங்க அளவெல்லாம் நிலத்துக்கு. இது தண்ணிப்பா."

கடைசி வாரத்தில் இன்னொன்றும் சொன்னாள். "நான் இல்லாட்டியும் இது முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகணும். கூடத்துல சாத்தி வச்சு மாலை போட்டுடாதீங்க."

அவர் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார். பங்குனியில் அவள் இறந்தாள்.

மூன்று நாட்களாக அவர் படகை நீரில் விட்டுக்கொண்டிருந்தார். நீர் வற்றிக் கடலை நோக்கி இழுக்கும் நேரம் பார்த்துத்தான் விட்டார். ஆனால் வெறும் படகு சருகைப் போல் மிதந்து, காற்றில் முகம் திருப்பி, மூன்று நாளும் கரைக்கே வந்து அவர் காலில் இடித்தது.

அம்மையார் கரையில் வந்து நின்றார். மடத்துச் சமையலைக் கவனித்துவந்த அமிர்தகடேசனும் கூடவே வந்திருந்தார்.

"போகமாட்டேங்குதே, அம்மா," என்றார் வேதரத்தினம். "எங்க பிழை விட்டேன்னு தெரியலை. மரத்துலயா, அளவுலயா?"

அம்மையார் வாய் திறக்குமுன் அமிர்தகடேசன் முந்திக்கொண்டார். "இதுக்கு என்ன யோசனை ஐயா? நம்ம மீன்காரர் மோட்டார் படகுல கட்டி இழுத்துட்டுப் போய் நடுக்கடல்ல அவிழ்த்துவிட்டா சோலி முடிஞ்சுது."

"உங்க சோலி முடிஞ்சுதா? அடுப்புல பால் இருக்கே," என்றார் அம்மையார்.

அமிர்தகடேசன் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார்.

"வரும்போது அரிசித் தராசையும் ஒரு சாக்கையும் கொண்டுவாங்க!"

பிறகு அம்மையார் வேதரத்தினத்தைப் பார்த்தார். "இது எத்தனை கிலோவுக்குச் செஞ்ச படகு?"

"ஐம்பத்திரண்டு."

"இப்ப எத்தனை கிலோ ஏத்தி விட்டீங்க?"

வேதரத்தினம் படகின் வெற்று இருக்கையைப் பார்த்தார்.

தராசு வந்தது. வேதரத்தினம் கரை மணலைச் சாக்கில் அள்ளி நிறுத்தார். அளவையரின் கை அல்லவா? முள் ஐம்பத்திரண்டில் அசையாமல் நிற்கும்வரை பிடி பிடியாகப் போட்டும் எடுத்தும் பார்த்தார். அவரும் அமிர்தகடேசனுமாகத் தூக்கி, மூட்டையை இருக்கையில் அமர்த்தினார்கள்.

படகு இறங்கியது. நீர் ஏறி வந்து சிவப்புக் கோட்டைத் தொட்டு, அங்கேயே நின்றது. வேதரத்தினம் குனிந்து, முன்முனையிலிருந்து பின்முனைவரை விரலை ஓட்டிப் பார்த்தார். எங்கும் ஒரு நூலளவுகூடப் பிசகவில்லை.

"பாத்தீங்களா அம்மா! சரியா வந்திருக்கு! அவ சொன்ன இடத்துலயே நிக்குது!"

பங்குனிக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். காற்று அடித்தது, படகு முகம் திருப்பவில்லை. வற்றும் நீர் அதை மெல்லக் கடல் பக்கம் இழுத்தது. அவர் கையை எடுத்தால் போதும்.

அவர் எடுக்கவில்லை.

"விட்டுடுங்க ஐயா," என்றார் அமிர்தகடேசன், தாழ்ந்த குரலில். "பற்றை விடணும்னு அம்மாவே வெள்ளிக்கிழமைதோறும் சொல்றாங்க இல்ல?"

"அது வெள்ளிக்கிழமைப் பேச்சு. இன்னிக்குச் செவ்வாய்," என்றார் அம்மையார்.

வேதரத்தினத்தின் முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் படகைத் தொடையால் அணைத்து நிறுத்திக்கொண்டு, சாக்கின் வாயை அவிழ்த்து, மணலை அள்ளி நீரில் போடத் தொடங்கினார். சற்றுப் போட்டதும் மூட்டையை இரு கைகளாலும் ஏந்திப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடியும் அள்ளிப் போட்டார், மறுபடியும் ஏந்தினார். தராசின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"என்ன செய்றீங்க?" என்றார் அம்மையார்.

"சுவத்துல எழுதியிருக்கிறது நல்லா இருந்த நீலா, அம்மா. கடைசி மாசம் கட்டில்லேருந்து நான் தூக்கின நீலா முப்பத்துநாலு. தினம் நாலு தடவை தூக்கினேன். இந்தக் கைக்குத் தெரியும்."

கடைசியாக ஒருமுறை ஏந்தினார். இம்முறை தலையை ஆட்டவில்லை. உடனே கீழே வைக்கவும் இல்லை. நெடுநேரம் அப்படியே நின்றுவிட்டு, மூட்டையின் தலைப்பக்கம் எங்கும் இடித்துவிடாதபடி, மெதுவாகப் படகில் வைத்தார்.

சிவப்புக் கோடு நீருக்கு மேலே அரை விரல் அகலம் நின்றது.

அந்த அரை விரலையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐம்பத்திரண்டை அனுப்பினா படகு சரியா இருக்கு. ஆனா நான் பறிகொடுத்தது அவளை இல்லை. முப்பத்துநாலை அனுப்பினா அது என் பொண்ணு. ஆனா அவளுக்குப் படகு சரியில்லை. அவளுக்குச் சரியா ஒரு படகு நான் செய்யவே இல்லை. எதை அம்மா அனுப்புறது?"

அம்மையார் புடவை நனைய நீரில் இறங்கி, படகின் மறுபக்கம் வந்து நின்றார். கோட்டைப் பார்த்தார்.

"எடுத்த பதினெட்டு எங்க?"

வேதரத்தினம் குனிந்தார். நீர் கலங்கியிருந்தது. "இங்கதான். என் காலுக்குக் கீழ."

அமிர்தகடேசன் கரையில் தராசைத் தூக்கினார். பிறகு ஏனோ அதைத் திரும்பவும் கீழே வைத்தார். நீரின் இழுப்பு வலுத்தது. வேதரத்தினம் படகின் விளிம்பை வலக்கையால் இறுகப் பற்றினார்.

"நீங்களும் விடத்தான் சொல்றீங்களா, அம்மா?"

"நான் சொல்லலையே."

"சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்."

"ஆமாம்."

"விட முடியலை."

"தெரியுது."

"கை ஓஞ்சுபோகுதே, அம்மா."

"இன்னொரு கையால பிடிங்க."