துலாவில் ஏறாத வெல்லம்

பொருநை ஆற்றின்மேல் மார்கழிப் பனி படர்ந்திருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. நீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியவில்லை. மகிழவன அடிகள் நீராடி மடத்துப் படித்துறையில் ஏறியபோது, மேற்படியில் பரமநாயகம் போர்வையோடு நின்றிருந்தார்.

"கனாக் கண்டேன், சாமி," என்றார்.

அடிகள் ஈரத்துணியைப் பிழிந்தார்.

"இதே பனிதான். அதுக்குள்ள ஒரு துலா தொங்குது. எதுலருந்து தொங்குதுன்னு தெரியல. ஒரு தட்டுல நான் இருக்கேன், பஞ்சு மாதிரி. மறுதட்டு பனிக்குள்ள மறைஞ்சிருக்கு. அதுல என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கேன். எட்டுந்தோறும் என் தட்டு ஆடுது."

"விழுந்தீரா?"

"முழிச்சுட்டேன்."

"நல்லது. குளிரில் நிற்காதீர், அண்ணாச்சி. உள்ளே வாரும்."

குருவினும் மாணாக்கர் வயதில் மூத்தவர். பரமநாயகம் கடைத்தெரு அல்வாக் கடையொன்றில் நெடுங்காலம் கிண்டும் பணியில் இருந்தவர். அடிகள் துறவு பூணுமுன், பள்ளிச் சிறுவனாய் அந்தக் கடை வாசலில் நின்றதுண்டு. காவி உடுத்து, அதே மனிதருக்குத் தீக்கை அளித்த பின்னும், "அண்ணாச்சி" என்ற அழைப்பு அவர் நாவை விட்டு நீங்கவில்லை.

நாக்கில் இட்டுப் பாராமல் பரமநாயகம் ஒரு சட்டியையும் அடுப்பிலிருந்து இறக்கியதில்லை. இட்டுப் பார்ப்பதும் சிறு துளியன்று. உடல் பெருத்தது, சர்க்கரை நோய் வந்தது. பின் கால்விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. இனிப்பையும் அந்த வேலையையும் விடாவிட்டால் காலை எடுக்க நேரிடும் என்றார் மருத்துவர்.

அன்று மாலை அவர் நொண்டிக்கொண்டே வந்து, மடத்தைச் சேர்ந்த அமுதவல்லி அம்பாள் சந்நிதியில் அழுதார்.

"எடைக்கு எடை வெல்லம் தாரேன், தாயே. காலைக் குடு. நாக்குல படாத ஒரு வேலையக் குடு."

கடையை விட்டு நின்றார். அவர் மனைவி உலகம்மாள் வீட்டு அடுப்பை மாற்றினாள். வரகுக் கஞ்சி, முருங்கைக் கீரை, பாகற்காய், வாழைத்தண்டு. மருந்து ஒருவேளையும் தவறவில்லை. புண் மெல்ல மூடியது. உடலும் மெல்ல வற்றியது. பழைய சட்டை முளையில் மாட்டியதுபோல் அவர்மேல் தொங்கிற்று.

வேலையும் வாயில்வரை வந்தது. அம்பாளின் மடைப்பள்ளியில் சமைத்த முதியவருக்குக் கண்பார்வை மங்கியது. அடிகள் பரமநாயகத்தை நினைத்தார். அந்த மடைப்பள்ளியில் சமைப்பவரின் குலம் கேட்பதில்லை. வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். அம்பாள் அமுது கொள்ளுமுன் மனிதர் அதை முகரவோ சுவைக்கவோ கூடாது. சர்க்கரை நோயுள்ள சமையற்காரருக்கு இவ்வுலகில் அதைவிடப் பொருந்திய அடுக்களை ஏது?

ஆனால் அங்கே மற்றொரு மரபும் இருந்தது. நேர்த்திக்கடனைச் செலுத்தாமல் வைத்திருப்பவர் மடைப்பள்ளி வாசற்படியைத் தாண்டுவதில்லை.

அதுதான் பரமநாயகத்தின் உறக்கத்தைக் கெடுத்தது.

"நேர்ந்துக்கிட்டப்போ இருந்த உடம்பு வேற, சாமி. இப்போ இருக்கிறது வேற. எந்த எடைக்குக் குடுக்கணும்?"

"அம்பாளிடம் என்னவென்று சொன்னீர்?"

"என் எடைன்னு சொன்னேன்."

அடிகள் விடை கூறவில்லை. பனியையே பார்த்திருந்தார். எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்த ஓசை மட்டும் கேட்டது.

பரமநாயகம் அந்த மௌனத்தில் தம் அச்சத்தையே கேட்டார். வணங்கிவிட்டு வீடு திரும்பினார்.

சில நாள் சென்றபின், அரிசிப் பானைக்குள் கைவிட்ட உலகம்மாள் எண்ணெய் ஊறிய ஓர் அல்வாப் பொட்டலத்தை எடுத்தாள்.

"இது என்னது?"

"எடைக்கு."

"எந்த எடைக்கு?"

"பழைய எடைக்கு வரணும்லா. அப்பந்தான் முழு நேர்த்தி நேரா நிக்கும்."

உலகம்மாள் பொட்டலத்தைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"வெல்லந்தானே குறையும்? கூட ஒரு மூட்டை வாங்கி அம்பாள் முன்னால வச்சிட்டு வாங்க."

"வைக்கலாம். துலாவுல ஏறினாத்தான் அது துலாபாரம். ஏறாத வெல்லம் வெறும் வெல்லம்."

"முடி நேர்ந்துக்கிட்டவனுக்கு வழுக்கை விழுந்துட்டா, பக்கத்து வீட்டுக்காரன் தலையையா சிரைப்பான்?"

"அம்பாளை ஏமாத்தச் சொல்லுதியா, உலகு?"

"காலை ஏமாத்துதீகளே, அதக் குடுத்தது யாரு?"

அவள் பொட்டலத்தைத் தெருநாய்க்கு வைத்தாள். மறுநாள் அவர் கடைத்தெருவிலேயே நின்று தின்றுவிட்டு வந்தார். தின்னும்போது கண்களில் நீர் வழிந்தது. அது பக்தியா, சுவையா என்று அவருக்கே விளங்கவில்லை.

தை பிறந்து சில நாட்களில் புண் வாய் திறந்தது. உலகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மடத்துக்கு நடந்தாள்.

"சாமி, உங்க சீடர் அம்பாளுக்காகக் காலை அழுகவிடுதாக. நீங்க சொன்னீகளா?"

"நான் ஒன்றும் சொல்லவில்லையே, அம்மா."

"அதான் வினை. நீங்க சும்மா இருந்தா அவுக என்னத்தையாவது நினைச்சுக்கிடுதாக."

அடிகள் அவளை நோக்கிக் கைகூப்பினார். பிறகு அவளோடு நடந்தார்.

பரமநாயகம் சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருந்தார். குருவைக் கண்டதும் எழ முயன்றார். அடிகள் அவர் தோளை அழுத்தி அமர்த்தி, தாமும் தரையில் அமர்ந்து, காற்கட்டை அவிழ்த்தார்.

"சாமி, நீங்க என் காலைத் தொடலாமா?"

"ஆடாமல் இரும்."

உலகம்மாள் வெந்நீர் கொண்டுவந்தாள். அடிகள் பஞ்சை நனைத்துப் புண்ணை ஒற்றினார்.

"அண்ணாச்சி, நான் சின்னவனாய் உம் கடை வாசலில் நிற்பேனே, நினைவிருக்கிறதா?"

"இல்லாம? மூக்கு ஒழுகிக்கிட்டு நிப்பீக."

"வாழையிலைத் துணுக்கில் கொஞ்சம் அல்வா வைத்துக் கொடுப்பீர்."

"கைத்துண்டுன்னு காசில்லாம எல்லாப் பிள்ளைகளுக்கும் குடுக்கிறதுதான்."

"தராசு உம் பக்கத்திலேயே இருந்தது."

"அதைப் போய் யாராவது நிறுப்பாகளா, சாமி?"

சொல்லி முடித்த பின்னும் பரமநாயகத்தின் வாய் திறந்தபடியே இருந்தது. அடிகள் புதுத்துணியைச் சுற்றி முடிந்தார்.

"மருத்துவரிடம் போம். கஞ்சிக்குத் திரும்பும். கால் ஆறிய பின் துலா ஏறலாம்."

"மடைப்பள்ளி வேலை?"

"அதுவரை அம்பாள் பழம் உண்பாள். அவளும் கொஞ்ச நாள் பத்தியம் இருக்கட்டும்."

உலகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடிகள் எழுந்தார். "ஆனால் மடத்துக் காரியஸ்தர் நகரத்திலிருந்து வேறொருவரைப் பேசி வைத்திருக்கிறார். பங்குனி உத்திரம்வரை பொறுக்கச் சொல்கிறேன். அதற்குமேல் என்னாலும் தடுக்க இயலாது."

பரமநாயகம் கஞ்சிக்குத் திரும்பினார். கடைத்தெரு வழியை விட்டு ஆற்றங்கரை வழியே நடந்தார். சில விடியல்களில் அதே கனா வந்தது. பனி, துலா, மறைந்த மறுதட்டு. இப்போது அவர் எட்டிப் பார்ப்பதில்லை. அமர்ந்திருப்பார். தட்டு ஆடாது.

மாசி கழியுமுன் புண் மூடியது. மருத்துவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இனி இதைக் காப்பாற்றுவது உங்கள் வாய்," என்றார்.

உத்திரத்தன்று காலை, சாம்பிராணிப் புகை நிறைந்த மண்டபத்தில் மரத்துலா தொங்கிற்று. பரமநாயகம் வண்டியில் உருண்டை வெல்லம் கொண்டுவந்து இறக்கினார். முன்பு கடைப்பணியாளர்கள் சர்க்கரை மூட்டை நிறுக்கும் தராசில் அவரை விளையாட்டாக ஏற்றி நிறுத்ததுண்டு. அந்தப் பழைய எடைக்குச் சரியான வெல்லம் அது.

அவர் தட்டில் அமர்ந்து கண்களை மூடினார். மறுதட்டில் வெல்லம் ஏறிற்று. சங்கிலி முனகியது. கால்கள் தரையை விட்டு எழுந்தன. துலா ஒருமுறை ஆடி, மறுமுறை ஆடி, நேராக நின்றது.

உலகம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பரமநாயகம் கண் திறந்தார். பாயின்மேல் வெல்லம் குவியலாய் மீந்திருந்தது. அவர் முகம் வாடிற்று.

"சாமி, மீதி கிடக்குதே."

"இறங்கி வாரும்," என்றார் அடிகள். "அதை அந்தக் கடகப்பெட்டியில் அள்ளித் தலையில் வைத்துக்கொள்ளும்."

"கால் இப்பந்தான் ஆறியிருக்கு, சாமி," என்றாள் உலகம்மாள்.

"பிரகாரம் ஒன்றுதான், அம்மா. வழியில் நிற்கலாம், அவசரமில்லை."

ஓலைப்பெட்டி நிறைந்தது. இருவர் பிடித்துத் தூக்கித் தலையில் ஏற்றினார்கள். அடிகள் முன்னே நடக்க, பரமநாயகம் பின்னே நடந்தார். சிறிது தொலைவில் மூச்சு வாங்கிற்று. கழுத்து நரம்பு புடைத்தது. மகிழ மரத்தடியில் நின்றுவிட்டார்.

"என்ன, அண்ணாச்சி?"

"கனக்குது, சாமி."

"புதிதாகவா கனக்கிறது?"

பரமநாயகம் மரத்தைப் பிடித்துக்கொண்டார். மகிழம்பூ ஒன்று உதிர்ந்து பெட்டிமேல் விழுந்தது. அந்தப் பூவின் எடைகூடத் தெரிந்ததுபோல் அவர் கண்ணைச் சுருக்கினார்.

"இதையா நான்..." என்று தொடங்கி நிறுத்தினார்.

பின்னாலிருந்து உலகம்மாள் முடித்தாள்: "இதையும் தூக்கிக்கிட்டா தினம் நம்ம வீட்டுப் படி ஏறினீக? பாவம், படி."

அடிகள் சிரித்தார். பின் மெல்லக் கேட்டார்: "இதை உம்மிடமிருந்து யார் இறக்கினார்?"

பரமநாயகத்தின் கன்னத்தில் வழிந்தது வியர்வை மட்டுமன்று. பெட்டியைச் சரிசெய்துகொண்டு மீண்டும் நடந்தார்.

மடைப்பள்ளி வாசற்படியில் அவர் கால் தயங்கிற்று.

"நேர்த்தி முடிஞ்சுதா, சாமி?"

"துலா என்ன சொல்லிற்று?"

"நேரா நின்னுது."

"பிறகு என்னைக் கேட்கிறீரே."

"அப்ப இது?" தலைமேல் இருந்த பெட்டியைக் கண்ணால் காட்டினார்.

"அது துலாவில் ஏறாத வெல்லம். ஏறாதது வெறும் வெல்லம் என்று நீர்தான் சொன்னீராம்."

பரமநாயகம் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கோபுரத்தைப் பார்த்தாள்.

"வெறும் வெல்லத்தை என்ன செய்வார்கள், அண்ணாச்சி?"

"பொங்கல் வைப்பாக."

"வையும். அம்பாளுக்குப் பசி."

ஆறிய கால் வாசற்படியைத் தாண்டிற்று.

பரமநாயகம் வாயையும் மூக்கையும் வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டார். பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைந்தன. வெல்லப்பாகு இறங்கியது. நெய் இறங்கியது. சாளரத்தின் வழியே வந்த வெயில் ஆவியில் கரைந்தது. மடைப்பள்ளி முழுவதும் வெண்மை பரவிற்று. சுவர் தெரியவில்லை, கூரை தெரியவில்லை. கனாவில் கண்ட அதே பனி. அதனிடையே அவரும் ஒரு பானையும் மட்டும்.

பழக்கத்தால் வலக்கை எழுந்தது. அகப்பையின் நுனி உதட்டருகே வந்து, துணியில் தடுக்கி நின்றது.

நெடுநேரம் நின்றது.

"சாமி," என்றார் துணிக்குள்ளிருந்து.

ஆவிக்கு அப்பால், வாசற்படியில், அடிகளின் காவி மங்கலாய் அசைந்தது.

"நாக்கும் இல்ல, மூக்கும் இல்ல. இனிப்பு போதும்னு நான் எப்படிக் கண்டுக்கிடுறது?"

"இத்தனை காலம் நாக்கில் இட்டுப் பார்த்தீரே, அண்ணாச்சி," என்றது அடிகளின் குரல். "போதும் என்று அது ஒருநாளாவது சொல்லிற்றா?"

பரமநாயகம் அகப்பையைத் தாழ்த்தினார். பானையை இறக்கி வைத்தார்.