பட்டப்பகலில் அருந்ததி

சைக்கிள் கடை இருதயராஜும் வேதவல்லியும் பதிவாளர் அலுவலகத்தில் மாலையும் கழுத்துமாக நின்றார்கள். "உறுதிமொழி சொல்லுங்க, கையெழுத்துப் போடுங்க. அவ்வளவுதான் கல்யாணம்" என்றார் பதிவாளர்.

"அவ்வளவுதானா?" என்று சீறினார் வேதவல்லியை வளர்த்த பெரியப்பா மாசிலாமணி. ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். "மேளம் இல்ல, ஹோமம் இல்ல. தொலையட்டும். அருந்ததி பார்க்காம என்னய்யா கல்யாணம்? இந்தச் சைக்கிள்காரன் என் பொண்ணுக்கு இப்பவே அந்த நட்சத்திரத்தைக் காட்டட்டும். அப்புறம் போடறேன் சாட்சிக் கையெழுத்து!"

வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. வேதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பா கையெழுத்துப் போடாமல் அவள் பேனாவைத் தொடமாட்டாள். அது இருதயராஜுக்கும் தெரியும்.

"காட்டிடறேன் மாமா" என்றான் பணிவாக. "உங்க கல்யாணமும் பகல்லதானே நடந்துச்சு? நீங்க எங்க பாத்தீங்கன்னு சொல்லுங்க, அங்கேயே காட்டிடறேன்."

மாசிலாமணி மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். "அது... வடக்கால..."

அவர் பக்கத்தில் நின்ற பெரியம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். "இவரா வானத்தைப் பாத்தாரு? ஐயர் கையை நீட்டி, 'தெரியுதா, தெரியுதா'ன்னு கேக்கறாரு. இவர் என் மூஞ்சிய விட்டுக் கண்ணை எடுக்காம, 'நல்லாத் தெரியுது'ங்கறாரு!"

பதிவாளரும் சிரித்துவிட்டார். மாசிலாமணிக்குக் காதெல்லாம் சிவந்துபோனது.

இருதயராஜ் திரும்பி வேதவல்லியைப் பார்த்தான். ஈரக் கண்ணோடு அவளும் அவனையே பார்த்தாள்.

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். "என்ன மாப்பிள்ளே, தெரியுதா?"

"நல்லாத் தெரியுது மாமா."

"அப்ப அந்தப் பேனாவை இப்படிக் குடுங்க" என்று பதிவாளரிடம் கையை நீட்டினார் பெரியப்பா.