அக்கரைக்குப் போகாத கூழைக்கடா

நெடுங்குளக் காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு மருத்துவக் கல்லூரி இருந்தது. குளத்தின் இக்கரையில், ஆலமரங்களுக்கு அடியில் அது நடந்தது. காட்டெருமை திமிலனார் அதன் முதல்வர். அங்கே பாடம் நடந்ததோ இல்லையோ, ஆராய்ச்சி மட்டும் ஓயாமல் நடந்தது. மழை பெய்தால்தான் காளான் முளைக்கும். அங்கே மழை இல்லாமலே கண்டுபிடிப்புகள் முளைத்தன.

அந்த ஆண்டின் பெரிய கண்டுபிடிப்பு, கரடி டாக்டர் பம்பையனின் பச்சிலைக் கஷாயம்.

"அக்கரையில் காய்ச்சலில் கிடந்த நீர்நாய்களுக்குக் கொடுத்தேன். எல்லாமே குணமாகிவிட்டன!" என்று பம்பையன் அறிவித்தது.

கல்லூரி அதற்குப் பெரிய மாலை போட்டது. பம்பையன் அந்த மாலையைத் தின்றுவிட்டது.

ஆனால் காட்டில் முணுமுணுப்பு கிளம்பியது. "அந்தக் கல்லூரி சொல்வதில் எது நிஜம், எது கதை?" என்று முயல்கள் கேட்டன. "தெரியாமல் எப்படி வாயில் ஊற்றிக்கொள்வது?" என்று மான்கள் கேட்டன.

காட்டுச் சபையின் தலைவி வேழாத்தாள் என்ற யானை. அது தும்பிக்கையை உயர்த்தியது.

"அங்கே ஆராய்ச்சி நேர்மையாக நடக்கிறதா என்று யாராவது போய் விசாரித்து வரட்டும்! அதன் பிறகுதான் அந்தக் கஷாயம் காட்டுக்குள் வரும்!"

அந்த வேலைக்குப் பொக்கணம் என்ற கூழைக்கடாவைத் தேர்ந்தெடுத்தார்கள். பொக்கணம் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதன் அலகுப் பையில் எப்போதும் மீன் இருக்கும். அதனால் அது பேசியதையே அதிகம் பேர் கேட்டதில்லை.

மறுநாள் காலை பொக்கணம் கல்லூரிக்குப் போனது. திமிலனார் வாசலுக்கே வந்து பொன்னாடை போர்த்தியது. பனையோலைத் தட்டில் கெண்டையும் விராலும் வந்தன.

"எங்கள் கல்லூரியில் பொய்யே கிடையாது, ஐயா!" என்றது திமிலனார். "இங்கே ஒரு பொய் சொல்ல வேண்டுமென்றால் என் அனுமதி வேண்டும். நான் எதற்கும் அனுமதி கொடுப்பதே இல்லை!"

பொக்கணம் ஒரு விராலை விழுங்கிவிட்டு விசாரணையைத் தொடங்கியது.

முதலில் வந்தது மந்தி டாக்டர் வாலாம்பிகை.

"ஆராய்ச்சியில் எப்போதாவது பொய் கலந்திருக்கிறீர்களா, டாக்டர்?"

"சீச்சீ! நானா!"

"வேறு யாராவது?"

"என்ன இப்படிக் கேட்டுவிட்டீர்கள்! அந்த வௌவாலைத் தவிர யார் கலக்கிறார்கள்?"

"மயில் டாக்டரின் ஆராய்ச்சியில் உங்கள் பெயரும் இருக்கிறதே? அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"மயில் வேலை செய்துகொண்டிருந்தபோது பக்கத்துக் கிளையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாழைப்பழம்கூடக் கொடுத்தேன்!"

அடுத்து வௌவால் டாக்டர் வந்தது. அது கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பதில் சொன்னது.

"என் மருந்தைச் சாப்பிட்டவர்களின் உடல்நிலை இறங்கிக்கொண்டே போகிறது என்கிறார்கள். நான் தொங்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஏறிக்கொண்டுதான் போகிறது! பொய் சொல்வது அந்த மந்திதான், ஐயா!"

இப்படியே ஒவ்வொன்றாக வந்தன. தன்னிடம் தப்பே இல்லை என்று ஒவ்வொன்றும் சொன்னது. அடுத்த அறையில்தான் தப்பு என்று ஒவ்வொன்றும் சொன்னது. பொக்கணத்துக்குத் தலை சுற்றியது. மீனைச் சாப்பிட்டுச் சமாளித்தது.

கடைசியில் பம்பையன் வந்தது. "என் கஷாயத்தைப் பற்றி நான் சொல்வதைவிட, குடித்தவர்களைக் கேளுங்கள். அக்கரையில்தான் இருக்கிறார்கள்," என்றது.

அது நியாயமான பேச்சு. பொக்கணம் குளத்தைப் பார்த்தது. உச்சி வெயிலில் தண்ணீர் தகதகத்தது. அக்கரை கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. வயிற்றில் மீன் கனத்தது. இறக்கையை ஒருமுறை விரித்துப் பார்த்தது. உடம்பு எழும்பவில்லை.

'நீர்நாய்கள் என்ன சொல்லப் போகின்றன? குணமாகிவிட்டது என்றுதான் சொல்லும். அதைக் கேட்க இவ்வளவு தூரம் பறக்க வேண்டுமா?' என்று நினைத்தது. நினைத்தபடியே தூங்கிப்போனது.

சாயங்காலம் காட்டுச் சபை கூடியது.

"கல்லூரியில் எல்லாரையும் விசாரித்தேன்," என்றது பொக்கணம். "சின்னச் சின்னச் சண்டைகள் இருக்கின்றன. மற்றபடி நேர்மைக்குக் குறைவில்லை."

"நீர்நாய்களைக் கேட்டாயா?" என்றது வேழாத்தாள்.

"கேட்டேன், தாயே! எல்லாம் நலமாக இருக்கின்றன. கஷாயத்தைப் புகழ்ந்து தள்ளின!"

சொல்லி முடித்ததும் தொண்டையில் ஏதோ முள்ளாகக் குத்தியது. மீன் முள்ளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டது.

சபை கைதட்டியது. திமிலனார் இன்னொரு பொன்னாடை கொண்டுவந்திருந்தது. கஷாயத்தைக் காடு முழுக்கக் கொடுக்கலாம் என்று முடிவானது.

பனிக்காலம் வந்தது. கூடவே காய்ச்சலும் வந்தது. முதலில் படுத்தது பொக்கணத்தின் சொந்தக் குஞ்சு சொக்கு. தாயில்லாத குஞ்சு அது. அதன் உடம்பு அனலாய்க் கொதித்தது. பொக்கணம் அதை முதுகில் தூக்கிக்கொண்டு கல்லூரிக்கு ஓடியது.

"டாக்டர்! என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள்!"

"கவலைப்படாதீர்கள்!" என்று பம்பையன் தொன்னையில் கஷாயத்தை ஊற்றியது. பச்சை நிறத்தில் அது நுரைத்தது. பொக்கணம் இறக்கையால் தொன்னையை மறித்தது.

"இதைக் குடித்த நீர்நாய்கள் நிஜமாகவே பிழைத்தன, இல்லையா, டாக்டர்?"

"என்னைக் கேட்கிறீர்களே! பிழைத்தன என்று சபையில் சொன்னது நீங்கள்தானே!"

"அதற்கு முன்னாலேயே நீங்கள் அறிவித்தீர்களே?"

பம்பையன் பிடரியைச் சொறிந்தது. குரலைத் தாழ்த்தியது. "உங்களிடம் சொல்ல என்ன? எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். கஷாயத் தொன்னைகளை இங்கிருந்தே மிதக்கவிட்டேன். காற்று திரும்பியபோது தொன்னைகள் காலியாகத் திரும்பி வந்தன. காலி என்றால் குடித்துவிட்டார்கள். குடித்தால் குணம்தானே! ஆனாலும் மனசுக்குள் ஒரு அரிப்பு இருந்தது. நீங்கள் நேரில் போய்க் கேட்டு வந்து சொன்ன பிறகுதான் எனக்கே நிம்மதியாகத் தூக்கம் வந்தது!"

பொக்கணத்துக்கு அப்போதுதான் புரிந்தது. என்னை நம்பி இந்தக் கரடி, இந்தக் கரடியை நம்பி நான்! அக்கரைக்கு ஒருவருமே போகவில்லை!

"இருங்கள்! வந்துவிடுகிறேன்!" என்று அலறிவிட்டு, சொக்குவை அங்கேயே விட்டு அது பறந்தது. அவ்வளவு வேகமாக அது வாழ்நாளில் பறந்ததில்லை.

அக்கரையில் கயலி என்ற நீர்நாய் சேற்றில் படுத்திருந்தது.

"அம்மா! பச்சிலைக் கஷாயம் குடித்தீர்களே, குணமானதா?"

கயலி அதை ஏற இறங்கப் பார்த்தது. "காய்ச்சல் போனது. கூடவே பின்னங்கால்களும் போயின. பார், அசையவில்லை. குடித்த எல்லாருக்கும் இப்படித்தான். என் தங்கை தெரியாமல் தண்ணீரில் இறங்கினாள். முங்கியவள் மேலே வரவேயில்லை."

"ஐயோ! ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"யார் வந்து கேட்டார்கள்?"

பொக்கணம் திரும்பிப் பறந்தது.

இங்கே கல்லூரியில் திமிலனார் பம்பையனை அவசரப்படுத்திக்கொண்டிருந்தது. "காய்ச்சல் ஏறுகிறது, டாக்டர்! விசாரணை அதிகாரியின் பிள்ளை! ஊற்றுங்கள்!"

சொக்கு அலகைத் திறந்தது. பம்பையன் தொன்னையைச் சாய்த்தது. சரியாக அந்த நேரம் பொக்கணம் மேலேயிருந்து விழுந்தது. அலகை அகலத் திறந்து, தொன்னையோடு கஷாயத்தை அள்ளித் தன் பைக்குள் அடைத்துக்கொண்டது!

"அப்பா என் மருந்தைக் குடிச்சிட்டாரு!" என்று சொக்கு அழுதது.

"பார்த்தீர்களா, நம் கஷாயத்துக்கு எவ்வளவு மவுசு!" என்று திமிலனார் பூரித்தது.

பொக்கணத்தால் பேச முடியவில்லை. பேசினால் கஷாயம் தொண்டைக்குள் இறங்கிவிடும். அது இறக்கையை ஆட்டியது. காலை உதைத்தது. வேறு வழியில்லாமல் தலையைக் கவிழ்த்து அவ்வளவையும் கொட்டியது. திமிலனார் போர்த்தியிருந்த பட்டுப் பொன்னாடை பச்சையாகிவிட்டது.

"இது மருந்தல்ல! காலை முடக்கும் விஷம்!" என்று பொக்கணம் கத்தியது.

அன்றே சபை கூடியது. வேழாத்தாளே அக்கரைக்குப் போய்க் கயலியை முதுகில் ஏற்றி வந்தது. பொக்கணம் நடுவில் போய் நின்றது.

"நான் அக்கரைக்குப் போகவில்லை. யாரையும் கேட்கவில்லை. தூங்கினேன். உங்களிடம் பொய் சொன்னேன்," என்றது. "என் பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

"அதெல்லாம் செல்லாது!" என்று திமிலனார் குதித்தது. "அறிக்கையைச் சபை ஏற்றுக்கொண்டாகிவிட்டது! ஏற்றுக்கொண்டது ஏற்றுக்கொண்டதுதான்!"

வேழாத்தாள் ஒரு பிளிறு பிளிறியது. திமிலனார் உட்கார்ந்துவிட்டது.

கஷாயப் பானைகளை உடைத்துக் குழியில் கொட்டினார்கள். பொக்கணத்தின் விசாரணைப் பதவி அந்த இடத்திலேயே பறிபோனது. பொன்னாடைகளையும் பிடுங்கிக்கொண்டார்கள். சொக்குவின் காய்ச்சல், நிழலிலும் தண்ணீரிலும் சில நாட்களில் தானாகவே இறங்கியது.

ஆனால் அன்று சபை கலையும் முன்பு கயலி பம்பையனைப் பார்த்துக் கேட்டது. "டாக்டர், யார் பொய் சொன்னீர்கள் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளுங்கள். எங்கள் கால் எப்போது சரியாகும்?"

கல்லூரியிலிருந்த எல்லா டாக்டர்களும் பம்பையனையே பார்த்தன. நிமிடத்தில் ஒரு பதிலை உண்டாக்குவது அங்கே யாருக்கும் கஷ்டமில்லை.

"தெரியவில்லை," என்றது பம்பையன். அதன் கண்களில் நீர் முட்டியது. "எனக்குத் தெரியவில்லை, அம்மா."

அந்தக் கல்லூரியில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது.

"சரி. வந்து பார்த்துத் தெரிந்துகொள்," என்றது கயலி.

பம்பையன் யானையின் முதுகில் ஏறிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நடுங்கியபடியே அக்கரைக்குப் போனது.

போய்க் கேட்காமலே கேட்டதாகச் சொல்லும் பொய், ஒரு நாள் யாருடைய உயிரையாவது கேட்கும்.