மூடிய கதவுக்கு ஒன்பது மதிப்பெண்

தூத்துக்குடியில் ஜெசிந்தா என்று ஒருத்தி இருந்தாள். ஒரு கம்பெனி வெளியிடப்போகும் வீடியோ கேம்களை முன்கூட்டியே ஆடிப் பார்த்து, எங்கே தடுக்குகிறது, எங்கே சிக்குகிறது என்று சொல்வது அவள் வேலை. அது சம்பளத்துக்கு. பிரியத்துக்கு இன்னொன்று செய்தாள். தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில், தனி ஆளாய் உட்கார்ந்து தமிழில் கேம் செய்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்கள் செய்ததை ஆடிப் பார்த்து, இணையத்தில் தன் பக்கத்தில் விமர்சனம் எழுதினாள். அவள் நல்லது என்றால் நாலு பேர் ஆடிப் பார்ப்பார்கள். மற்றபடி அந்த கேம்களைச் செய்தவரின் வீட்டார்கூடத் தொட்டுப் பார்ப்பதில்லை.

திருமலையப்பன் அவளிடம் விமர்சனம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தார். ஸ்ரீவைகுண்டத்தில் இயற்பியல் ஆசிரியர். அவளைவிட ரொம்ப மூத்தவர். கால் முறிந்து படுத்திருந்தபோது மகள் போனில் ஏற்றிக் கொடுத்த கேமில் பழகி, கால் கூடிய பிறகும் விடாதவர். அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் அவரை சார் என்றாள். இரண்டு பேருக்குமே அதில் சங்கடம் இருக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வருவார். ஆடுவார்கள், பேசுவார்கள். அவர் எழுதியதை அவள் வாசிப்பாள். பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல் ஓரமாக எடுத்து வைத்துவிடுவாள்.

ஒருநாள் அவர் கேட்டார்.

"டீச்சர், ஒருத்தர் கேமை முழுசா முடிச்சுக் குடுக்காரு. இன்னொருத்தர் பாதியைச் செஞ்சிட்டு, மிச்சம் பிறகு வரும்னு சொல்லிக் குடுக்காரு. ரெண்டு பேருக்கும் எப்படி மார்க் போடுறது? ஒரே மாதிரியா, வேற வேற மாதிரியா?"

"ரெண்டு கேம் வந்திருக்கு சார். ஒண்ணு முடிஞ்சது, ஒண்ணு முடியாதது. ஆடிப் பார்த்து எழுதிட்டு வாங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லலையே?"

"எழுதிட்டு வாங்க."

முடியாததன் பெயர் 'உப்புக் காத்து'. ஆறுமுகநேரியில் கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோவில் வேலை பார்த்த வெயிலுமுத்து செய்தது. உப்பளத்தில் காணாமல் போன தம்பியை அக்கா தேடிப் போகிறாள். பாத்திகளில் தேங்கிய தண்ணீர், கண் கூசும் உப்புக் குவியல்கள், காதில் விடாமல் காற்று. தூரத்தில் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி ஒன்று. அதன் கதவு வரைக்கும் போகலாம். கதவைத் தட்டினால் 'மீதி பிறகு' என்று எழுத்து வரும். அவ்வளவுதான்.

முடிந்ததன் பெயர் 'கடைசி ஸ்டாப்'. ராமநாதபுரத்தில் கூரியர் ஆபீசில் இருக்கும் சபூரா செய்தது. ஆடுகிறவர்தான் டவுன் பஸ் கண்டக்டர். ஏறியவர்களை அவரவர் ஸ்டாப்பில் இறக்கிவிட வேண்டும். அதில் வரும் ஆட்கள் தீப்பெட்டிக்குக் கைகால் முளைத்தது போல இருந்தார்கள். பாட்டு கிடையாது. ஆடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பஸ் கடைசி ஸ்டாப்புக்கு வந்து நின்றுவிடும்.

அடுத்த வாரம் திருமலையப்பன் இரண்டையும் எழுதிக் கொண்டுவந்தார். 'உப்புக் காத்து' பத்துக்கு ஒன்பது. 'கடைசி ஸ்டாப்' பத்துக்கு ஐந்து.

முதலாவதில் இப்படி எழுதியிருந்தார்: 'அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது ஒரு குடும்பத்தின் துயரமா, ஒரு கடற்கரையின் முழு வரலாறா? தமிழில் இதுவரை யாரும் திறக்காத கதவு அது. திறக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறோம்.'

இரண்டாவதில்: 'படங்கள் போதாது. இசை இல்லை. இன்னும் நாலைந்து ஸ்டாப்புகள் இருந்திருக்கலாம். டிரைவருக்கு ஒரு முகம் கொடுத்திருக்கலாம்.'

ஜெசிந்தா வாசித்தாள். அன்று மாலையே இரண்டையும் தன் இணையப் பக்கத்தில் போட்டாள்.

'உப்புக் காத்து' பரவியது. அவள் பக்கத்தில் அதுவரை எந்த கேமுக்கும் அத்தனை பேர் வந்ததில்லை. திறக்காத கதவு என்ற வரியை யார் யாரோ எடுத்துப் பகிர்ந்தார்கள். 'கடைசி ஸ்டாப்' விமர்சனத்துக்குக் கீழே ஒரே ஒருத்தர்தான் எழுதியிருந்தார். சபூரா.

'முடிவு வரைக்கும் ஆடினீங்களா சார்?'

'ஆடினேன்' என்று திருமலையப்பன் பதில் போட்டார். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

மழைக்காலம் வந்து போனது. உப்பளங்களில் மறுபடியும் பாத்தி சரிசெய்யத் தொடங்கினார்கள். 'உப்புக் காத்து' மீதி வரவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஆட்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை வெயிலுமுத்து தேடிக்கொண்டு வந்தான். கல்யாணமாகாத, மெலிந்த ஆள். தோளில் லேப்டாப் பை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யாரென்று அவனுக்குத் தெரியாது.

"அக்கா, என் கேமை உங்க பக்கத்துல இருந்து எடுத்திருங்க."

"ஏன் முத்து?"

"நான் முடிக்கப் போறதில்லக்கா. சும்மா எல்லாரையும் காக்க வச்சிட்டிருக்கேன்."

"வேலை ஜாஸ்தியா?"

"அதெல்லாம் இல்ல. அந்த விமர்சனத்தைப் படிச்சதுல இருந்து என்னால கதவுக்கு அந்தப் பக்கம் போக முடியல."

திருமலையப்பன் நிமிர்ந்தார்.

"நான் நல்லாத்தானே எழுதியிருந்தேன்?"

வெயிலுமுத்து சட்டென்று எழுந்து நின்றான்.

"சார் நீங்களா? ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க சார். அதான் கஷ்டமாப் போச்சு."

"என்னப்பா சொல்ற?"

"எங்க வீட்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன் சார். அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் லேப்டாப்பைத் திறந்து, கதவுக்குப் பின்னால இருக்கிற அறைக்குள்ள போய்ப் பார்த்தேன். நீங்க எழுதினதுக்குப் பக்கத்துல அது சின்னதாத் தெரிஞ்சுது. அழிச்சிட்டு வேற செஞ்சேன். அதுவும் சின்னதாத் தெரிஞ்சுது. திரும்பவும் அழிச்சேன். கடைசியில முதல்ல செஞ்சதையே எடுத்து வச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"அப்போ அந்த அறை முதல்லயே இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். பேச்சு மட்டும் பதியலை. அதனாலதான் பூட்டி வச்சிருந்தேன்."

"காட்டு."

வெயிலுமுத்து ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் மேஜைமேல் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

திரையில் அக்கா கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. உள்ளே வெளிச்சம் குறைவு. சுவரோரம் காலிச் சாக்குகள். நடுவில் தம்பி உட்கார்ந்து, கிழிந்த சாக்கு ஒன்றைக் கோணூசியால் தைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கினான். 'வந்துட்டியா? சாப்பிட்டியாக்கா?' என்று எழுத்து வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தரையில் இன்னொரு கோணூசி கிடந்தது, எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் தைத்தார்கள். சாக்கு தைத்து முடிந்ததும் திரை இருண்டது.

திருமலையப்பன் இருண்ட திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"அவ்வளவுதானா?"

வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

வெயிலுமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தான்.

"எனக்கும் அதான் சார் தோணுது. அக்கா, எடுத்திருங்க."

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் டைம் குடு முத்து. அப்பவும் உனக்கு இதே எண்ணம் இருந்தா எடுத்திருதேன்."

சரியென்று தலையாட்டிவிட்டுப் போனான். படியில் அவன் இறங்கும் சத்தம் ஓய்ந்தது.

"டீச்சர், நான் எழுதினதைப் போடும்போதே இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். எனக்கும் அந்தக் கதவு மேல ஆசையாத்தான் இருந்துச்சு."

"ஒருத்தன் செஞ்சதைப் பாழாக்கிட்டேன்."

"இன்னும் அவன்கிட்டதான் இருக்கு. பாழாகல."

அவள் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். 'உப்புக் காத்து' விமர்சனம்.

"இதுல, அந்த கேம்ல இல்லாதது எதையெல்லாம் எழுதியிருக்கீங்களோ, அதை அழிங்க."

அழிக்கத் தொடங்கினார். குடும்பத்தின் துயரம் போனது. கடற்கரையின் வரலாறு போனது. யாரும் திறக்காத கதவும் போனது. தயங்கித் தயங்கி ஒவ்வொரு வரியாக எடுத்தார். கடைசியில் மிஞ்சியது கொஞ்சம். காற்றின் சத்தம் திசைக்குத் திசை மாறுகிறது. உப்புக் குவியலின் நிழல் வெயிலோடு நகர்கிறது. சகதியில் அக்காவின் நடை தளர்கிறது. கிட்டங்கிக் கதவோடு நிற்கிறது.

"இவ்வளவுதான் இருக்கு."

"இவ்வளவும் அவன் செஞ்சது." அவள் அடுத்ததைத் திறந்தாள். "இதுலயும் அதே மாதிரி அழிங்க."

இசை இல்லை என்பதை அழித்தார். நாலைந்து ஸ்டாப்புகளை அழித்தார். டிரைவரின் முகத்தை அழித்தார். படங்கள் போதாது என்பது மட்டும் நின்றது. அதன் கீழே ஐந்து மார்க் நின்றது.

"கடைசியில என்ன ஆகும் சார், இதுல?"

"எல்லாரும் இறங்கிருவாங்க. ஒரு அம்மா மட்டும் இறங்க மாட்டாங்க."

"ஏன்?"

"நான் ஆரம்பத்துல இருந்தே கேட்டுட்டு வரேன், எங்க இறங்கணும்மான்னு. சொல்றேன், சொல்றேன்னுதான் பதில் வருது. கடைசி ஸ்டாப்புல வந்து நின்னதும் திரும்பக் கேட்டேன். வீட்ல ஆள் இல்லப்பா, பஸ்ல நாலு பேர் இருப்பாங்களேன்னு ஏறினேன்னு சொல்றாங்க."

"அப்புறம்?"

"இறங்கச் சொல்லலாம். இல்ல, பஸ் திரும்பப் போகும், உக்காருங்கன்னு சொல்லலாம். நான் உக்காரச் சொன்னேன். பஸ் திரும்பிச்சு. அந்த அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டாங்க. அதோட முடிஞ்சுது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் போனைக் கீழ வைக்கவே தோணலை டீச்சர்."

"அது எங்க சார், நீங்க எழுதினதுல?"

"எழுதல."

"ஏன்?"

திருமலையப்பன் யோசித்தார்.

"அது முடிஞ்சு போச்சுல்ல டீச்சர். முடிஞ்சதுல என்ன குறைன்னுதான் தேடினேன்."

ஜெசிந்தா எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அதற்குள் அவர் இரண்டையும் புதிதாக எழுதி முடித்திருந்தார். மார்க் போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"மார்க்?"

"முடியாததுக்கு மார்க் வேண்டாம். எங்க நிக்குதுன்னு எழுதிட்டீங்க, போதும்."

"முடிஞ்சதுக்கு?"

"முடிச்சிருக்காங்கன்னு முதல் வரியில சொல்லிருங்க. அப்புறம் எவ்வளவு வேணாலும் திட்டுங்க."

பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். எடுத்ததை மறைக்காமல் கீழே ஒரு வரியும் சேர்த்தார்கள். 'கடைசி ஸ்டாப்'புக்கு இந்தத் தடவை ஏழு. படங்கள் போதாது என்ற வரி அப்படியே இருந்தது. பழைய கேள்விக்குக் கீழே திருமலையப்பன் இன்னொரு பதில் எழுதினார்: 'முடிவு வரைக்கும் ஆடினேன் அம்மா. அவங்களை உட்காரச் சொன்னேன்.'

மறுநாள் சபூரா எழுதியிருந்தாள்: 'நானும்தான் சார்.'

வெயிலுமுத்து அடுத்த சனிக்கிழமை வரவில்லை. எடுத்துவிடச் சொல்லிப் போனும் செய்யவில்லை. வெயில் ஏறி, உப்பு வாரும் காலத்தில், 'உப்புக் காத்து' முழுசாக வந்தது. அந்த அறையை அவன் மாற்றவில்லை. அதே சாக்கு, அதே கோணூசி. பேச்சை மட்டும் பதிந்து சேர்த்திருந்தான், அக்காவின் குரலுக்குத் தன் சொந்த அக்காவை வைத்து. முன்போல அது பரவவில்லை. ஆடியவர்களில் சிலர், இதற்கா இத்தனை நாள் என்று கேட்டார்கள். சிலர் ஒன்றும் கேட்காமல் திரும்ப ஒரு தடவை ஆடினார்கள்.

திருமலையப்பன் ஆடி முடித்துவிட்டு வந்தார். வெறுங்கையோடு வந்திருந்தார்.

"எழுதலையா சார்?"

"எழுத உக்காந்தேன். முதல் வரி எழுதிட்டேன், முடிச்சிருக்கான்னு. சாக்கைத் தைக்கிற இடத்துல ஒவ்வொரு தையலுக்கும் நாமளும் அழுத்த வேண்டியிருக்கு. ஊசி குத்தினா தம்பி மெதுவா தைன்னு சொல்றான். அதெல்லாம் எழுதிட்டேன்."

"அப்புறம் என்ன?"

"என்னால ஒண்ணை மறக்க முடியல டீச்சர். நான் மனசுல நினைச்ச அறை இதைவிடப் பெருசு. நிஜமாவே பெருசு. அதை மறைச்சிட்டு எழுதினா பொய் எழுதுற மாதிரி இருக்கு."

"சரி."

"எழுதலாமா? நான் நினைச்சது இதைவிடப் பெருசுன்னு?"

"எழுதலாமே."

திருமலையப்பன் இதை எதிர்பார்க்கவில்லை.

"எழுதலாமா?"

"எழுதலாம் சார். நீங்க நினைச்ச அறையை மொதல்ல செஞ்சு முடிச்சுக் கொண்டாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஆடிப் பார்த்துட்டு, எது பெருசுன்னு எழுதிருவோம்."